பத்தி நான்கு, புள்ளி பதினேழு

பத்து வருடத்தில் அவர் அவையில் பேசியது
கூட்டிப் பார்த்தால் ஒன்றரை மணி நேரம் தேறும்.
மார்த்தாண்டம் மேம்பாலத் தூணில்
'எம்பியைக் காணவில்லை' என்று படம் ஒட்டினார்கள்.
நான்தான் போய்க் கிழித்தேன்,
பசை காயும் முன்னே.

கேமரா நுழையாத அறை ஒன்று தில்லியில் உண்டு.
மனுக்கள் குழு. பதினைந்து நாற்காலி,
பாதி எப்போதும் காலி.
அங்கேதான் இருந்தார் ஜஸ்டஸ் இராஜமணி,
குழித்துறைக் கோர்ட்டில்
ஒரு முழம் வரப்புக்குப் பன்னிரண்டு வருடம்
வாய்தா வாங்கி நின்று பழகியவர்.
செயலர்களின் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று தெரியும்.
போகும்போதெல்லாம் ஏத்தங்காய் உப்பேரி.
ஒருமுறை மட்டிப்பழமும் கொண்டுபோனார்.
நாக்பூர் தாண்டுவதற்குள் கறுத்துவிட்டது.

புயலுக்குப் பிறகு தூத்தூரிலிருந்து
பெண்கள் வந்தார்கள், வடசேரி அலுவலகத்துக்கு.
நிவாரணம் கேட்பார்கள் என்று
படிவம் எடுத்து வைத்திருந்தேன்.
டெல்பின் மேரி படிவத்தைத் தொடவே இல்லை.
"எனக்க மவனத் தேடியத
எந்த நாளு நிறுத்தினாவ சாரே?"

அந்தக் கேள்வியை
ஒரு சொல் மாற்றாமல் குழுவில் கேட்டார்.
அதிகாரி கோப்பைப் புரட்டினார்.
இன்னொருவர் தண்ணீர் குடித்தார்.
தேதி எந்தத் தாளிலும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம்
வினைச்சொல்லுக்கான சண்டை.
'ஆராயலாம்' என்றது அமைச்சகம்.
'பரிசீலிக்கலாம்' என்றார் தலைவர்.
ஆழ்கடல் போகும் ஒவ்வொரு படகுக்கும்
கரையோடு பேசும் கருவி
'கட்டாயம் வழங்கப்பட வேண்டும்' என்று
ஐந்து கூட்டம் உட்கார்ந்தார்.

ஒரு ராத்திரி போன் வந்தது.
"றசல், இந்த அறிக்கையில நம்ம மாவட்டத்துக்கு
ஒரு பத்திதான் தருவாங்களாம்.
கடல் மனு நிக்கட்டு."

மற்றது அருமனை ரப்பர் மனு.
பால்கறை படிந்த விரலால்
முதல் கையெழுத்துப் போட்டவன் சோபனராஜ்,
என் அண்ணன்.
அவருக்கும் தெரியும்.
'மேல்நடவடிக்கை வலியுறுத்தப்படவில்லை' என்று
கடிதம் தட்டினேன், ஒரே பிழை,
அதையும் திருத்தினேன்.

'குழுவின் பரிந்துரை கவனத்தில் கொள்ளப்பட்டது.'
இந்த ஒரு வரி வருவதற்கு எட்டு மாதம்.
பெட்டி வருவதற்கு இன்னும் இரண்டு வருடம்.
தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில்
ஆரஞ்சு நிறப் பெட்டிகளை வேறு யாரோ கொடுத்தார்கள்,
வேறு யாரோ படத்தில் நின்றார்கள்.
இவர் கூட்டத்தின் கடைசியில்
ஒரு பெட்டியை வாங்கிப் பார்த்து
எடையைச் சொன்னார், கிராம் கணக்கில்.

தேர்தலில் தோற்றார்.
அருமனைச் சுற்றுகள் எண்ணும்போதே
எனக்குத் தெரிந்துவிட்டது.
"எங்க மனு எங்கலே போச்சு?" என்று
அண்ணன் கேட்டது ஒரே ஒரு தடவை.
டில்லியில கிடக்கு என்றேன்.
பொய்யில்லை.

பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்த அன்று
தூத்தூரிலிருந்து ஒருவன் வந்தான்.
டெல்பின் மேரியின் இளையவன், பனியடிமை.
கையில் ஆரஞ்சுப் பெட்டி.
நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறான் என்று
நாற்காலியைத் துடைத்தேன்.
"பேட்டரி செத்துப்போச்சு.
இத எங்க குடுத்து மாத்தணும்?"

அவரைக் கூப்பிட்டேன்.
குழித்துறையில் கோர்ட் இடைவேளை,
பின்னால் யாரோ சாட்சியின் பெயரைக் கூவினார்கள்.
அதிகாரி பெயர், பிரிவு, நேரடி எண்,
மூச்சு விடாமல் சொன்னார்.
"பத்தி நம்பர் போட மறக்காத.
நாலு, புள்ளி பதினேழு.
அது இருந்தா தள்ள முடியாது."

போட்டேன். அனுப்பினேன்.
மேசையில் ஒரு தாள் மிச்சமிருந்தது.
அண்ணனுக்காக அதில்
'பார்வை' என்று எழுதி, இரண்டு புள்ளி வைத்தேன்.
அதற்கு நேரே போட
எண் எதுவும் இல்லை.